கூடு கலையாதிருக்கட்டும்

ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லைகளினூடே நடந்து செல்வோர், வேலிப் புதரிலும் வீட்டுத் தாழ்வாரத்திலும் குருவிக் கூடுகளைக் காணலாம். அவற்றைத் தொல்லையெனக் கலைத்தல் கூடாது. தானியம் கொத்தும் குருவிகளும் தம் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகின்றன. அதனால் பயிருக்கு நன்மையுண்டு. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகள் பறந்து செல்ல ஏறத்தாழ ஒரு திங்களே ஆகும். அதுவரை கூட்டைத் தொடாது, எட்ட நின்று காண்பதே முறை.

இவ்வாறு ஓர் ஊரே பொறுத்திருந்ததுண்டு. 2020-ஆம் ஆண்டில், சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு விசைப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டிற்று. விளக்கேற்றச் சென்றால் கூடு கலையும். முதலில் சிலர் தயங்கினும், பின்னர் ஊரார் இணங்கி, ஏறத்தாழ 35 நாள் தெருவிளக்கின்றி இருளில் நடமாடினர். ஒருவர் மட்டும் விரும்பியிருந்தால் இது கைகூடியிராது.

நம் சங்கக் கிடங்கின் கூரையில் கூடு தென்படினும், அங்கத்தினர்கள் ஒரு திங்கள் பொறுத்திருக்க வேண்டுகிறேன்.