கிணறு வெட்டுமுன் நிலத்தை அறிதல்: சர்வகலாசாலை மாணாக்கரின் களப்பயிற்சி

கிணறு வெட்டக் கடன் பெற்று, நீரைக் காணாமல் கடனை மட்டும் கண்ட குடியானவர் நம் கிராமங்களில் பலர் உளர். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பாகம் கருங்கல் முதலிய கடினப் பாறையின்மேல் அமைந்துள்ளது. இப்பாறையில் நீர் எங்கும் பரவி நிற்பதில்லை. மேற்புறத்தில் இற்றுப்போன பகுதியிலும், அதன்கீழ் உள்ள வெடிப்புகளிலுமே தங்கும். ஆகையால் ஒரு வயலில் நீர் சுரக்க, அடுத்த வயல் வறண்டிருப்பது வியப்பன்று.

இவ்வேறுபாட்டை ஆராயும் பூகர்ப்ப சாஸ்திரத்தையும், பூமியின் பௌதிக குணங்களை அளக்கும் சாஸ்திரத்தையும் பயிலும் மாணாக்கர், வகுப்பறையோடு நில்லாது கிராமங்களுக்கும் வந்து பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் செய்வது இன்னதென நிலச்சுவான்தார்களும் கிராம அலுவலர்களும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவதாக, சுத்தியலும் திசைகாட்டியும் கொண்டு நடந்து, வெளியில் தெரியும் பாறையின் இனம், வெடிப்பு ஓடும் திசை, சாய்வு ஆகியவற்றைப் படத்தில் குறிக்கின்றனர். சில இடங்களில் பாறையை ஊடறுத்துச் சுவர்போல் நிற்கும் டோலரைட்டு என்னும் கரும்பாறை, நிலத்தடி நீரை அணைபோல் தடுப்பதுண்டு. அதன் மேட்டுப்புறத்துக் கிணற்றில் நீர் மிகுந்தும், பள்ளப்புறத்தில் குறைந்தும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, மின்தடை அளத்தல். பிரான்சு தேசத்துக் கான்ராட் ஷ்லும்பெர்ஜே 1912-ஆம் வருஷத்திலேயே மின்சாரத்தால் நிலத்தடியை ஆராயத் தொடங்கினார். இப்போது வழங்கும் முறைகளுள் ஒன்றில், நான்கு முளைகளை ஒரே கோட்டில் சம இடைவெளியில் அடித்து, வெளிமுளைகளின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்முளைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்கின்றனர். இடைவெளியை அகற்ற அகற்ற, ஆழத்திலுள்ள பாறையின் தன்மை புலப்படும். 100 அடி இடைவெளிக்கு 300 அடி நீளமுள்ள இடம் வேண்டும்.

பழுதற்ற கருங்கல்லில் தடை மிக அதிகம். நீர் தங்கிய இற்ற பாறையில் குறைவு. ஆயினும் தடை குறைந்த இடமெல்லாம் நல்ல நீருள்ள இடமன்று. களிமண்ணும் உப்புநீரும் அவ்வாறே குறைந்த தடையைக் காட்டும். ஆதலின் மாணாக்கர் முதலில் முன்பே வெட்டிய கிணற்றருகில் அளந்து, அதன் பக்கங்களில் கண்ணாற் காணும் மண், இற்ற பாறை, கடும்பாறை ஆகியவற்றின் ஆழத்தோடு ஒப்பிடக் கற்கின்றனர்.

இங்கேதான் குடியானவரின் உதவி தேவை. நீருள்ள கிணற்றைக் காட்டிப் பெருமை கொள்வதும், வறண்ட குழியைப் பற்றிப் பேசாதிருப்பதும் மனித இயல்பு. ஆனால் பிறருடைய பணம் வீணாகாமற் காப்பதில் நல்ல கிணற்றைவிட வறண்ட குழியே அதிகம் பயன்படும்.

கவனிக்க வேண்டியவை:

1. அறுவடைக்குப்பின் நிலம் காலியாயுள்ள நாட்களை முன்கூட்டித் தெரிவித்தால் பயிருக்குச் சேதமில்லை.

2. கிணற்றின் ஆழம், கோடையிலும் மழைக்குப்பின்னும் நிற்கும் நீர்மட்டம், வறண்ட குழிகளின் ஆழம் ஆகியவற்றை உள்ளபடி கூறுக.

3. புதைத்த இரும்புக் குழாய், கம்பிவேலி, மின்கம்பி இருக்குமிடத்தைக் காட்டுக. இவை அளவைக் கெடுக்கும்.

4. மின்சாரம் செல்லுகையில் குழந்தைகளும் கால்நடைகளும் முளைகளை அணுகாவண்ணம் காத்தல் வேண்டும்.

மாணாக்கர் எடுத்த ஓரளவையே நம்பி உடனே துளையிடுதல் தகாது. ஆசிரியர் சரிபார்த்த முடிவைக் கேட்டறிந்து, அண்டைக் கிணறுகளின் நிலையையும் சீர்தூக்கிப் பின்னரே கடனுக்கு மனுச்செய்க.