மாங்கா அடிக்கிற கையா? கம்ப்யூட்டர் பிடித்துவிடும்!

ஓசூர்:

"டேய், மாங்கா அடிக்கிறான்டா!"

சிப்காட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் இந்தக் கூச்சல் கேட்டால், அடுத்தது கைகலப்புதான். கையை மடக்கி எறிந்தானா, ஒழுங்காகப் போட்டானா? வெறுங்கண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்த வழக்கில் பெரிய தலையே சிக்கியது. கண்டியில் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரன்! 1995 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் டேரல் ஹேர் 7 முறை அவருக்கு "நோ-பால்" கொடுத்தார்.

முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுசா நீளாது. கை மடங்கியிருப்பது குற்றமல்ல. பந்து போடும்போது நிமிர்வதுதான் குற்றம். 1996-ல் பெர்த் நகரில் நடந்த சோதனை அவருக்குக் கை கொடுத்தது. 2010-ல் 800 விக்கெட்டோடு டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

15 டிகிரி

சோதனை எப்படி? தோள், முழங்கை, மணிக்கட்டில் பளபளக்கும் குட்டிக் குண்டுகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் அதிவேகக் கேமிராக்கள். குண்டுகள் நகரும் இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். தோளிலிருந்து முழங்கைக்கு ஒரு கோடு, அங்கிருந்து மணிக்கட்டுக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம்தான் சாட்சி. கை தோள்மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும்வரை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் மாட்டினார்! இந்த வரம்பு 2005-ல் வந்தது.

சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் சோதனைக்கூடத்துக்கு 2014-ல் ஐ.சி.சி. அங்கீகாரம் கிடைத்தது. பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் 2015 ஜனவரியில் இங்கே பந்து போட்டுக் காட்டினார், தடை நீங்கியது. அதே ஜூலையில் முகமது ஹபீஸ் சிக்கினார். பந்துவீச 12 மாதம் தடை!

முதுகு தாங்குமா?

விஷயம் கோணத்தோடு முடியவில்லை. உறுப்புகளின் எடை, அசையும் வேகம், தரையில் பாதம் அழுத்தும் அழுத்தம் இவற்றையும் சேர்த்தால், மூட்டில் விழும் பாரத்தையும் கணக்கிடலாம்.

ஓசூரில் பெங்களூர் லாரிக்குக் குனிந்து 20 கிலோ பெட்டி தூக்குபவரைப் பாருங்கள். பெட்டி முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. முதுகுத் தசையோ சுமார் 5 செ.மீ. தள்ளி நின்றுதான் இழுக்கிறது. கடப்பாரைக் கணக்குதான். 8 மடங்கு! பெட்டிக்கு மட்டுமே 160 கிலோ இழுவை. குனிந்த உடம்பின் எடை தனி.

பெட்டி 20 செ.மீ. தூரத்துக்கு வந்தால் இழுவை பாதி, 80 கிலோதான்.

பந்து போடுகிற கையைப் பார்க்கக் கேமிரா வந்தாச்சு. லோடுமேன் முதுகை யார் பார்ப்பது? அதுவரை பெட்டியை வயிற்றோடு அணைச்சுத் தூக்குங்க, அண்ணே!