வால்டியூப் விஞ்ஞானம்!

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பச்சை பீரோ இருந்தது. சயன்ஸ் பீரோ! உள்ளே ஒரு மைக்ராஸ்கோப், இரண்டு லாட காந்தம், ஸ்பிரிட் லாம்ப், நாலைந்து குடுவை. எல்லாம் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததுதான். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு, அவை வெளியே வரும். மேஜை மேல் துணி விரித்து கொலு மாதிரி அடுக்குவார்கள். அதிகாரி டிபன் முடித்துக் கிளம்பியதும் மறுபடி பீரோவுக்குள் போய்விடும். கொலுவுக்காவது சுண்டல் உண்டு!

ஒருதடவை துணிந்து, ''சார், அந்த மைக்ராஸ்கோப்பை ஒரே ஒரு தடவை...'' என்று இழுத்தேன். ''ஒடைஞ்சா உங்கப்பாவா தண்டம் கட்டுவாரு?'' என்றார் சயன்ஸ் வாத்தியார்.

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. ஆபீஸில் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட ஆரம்பித்த பிறகுதான் அந்த மனுஷன் மேல் பரிதாபம் வந்தது. 'மைக்ராஸ்கோப் - 1' என்று எழுதியிருந்தால், அவர் ரிடையர் ஆகிறவரை அந்த 1 அங்கேயே இருந்தாக வேண்டும். பசங்க தொடாதவரை ஆடிட் க்ளீன்!

சரி, உடைந்தாலும் கவலையில்லாத சாமான்களை வைத்தே சயன்ஸ் நடத்தினால்?

நடத்திக் காட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசம், ஹோஷங்காபாத் மாவட்டம். (இப்போது நர்மதாபுரம் என்று பெயர்.) 1972-ல் கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பித்த வேலை அது. ஆறாவது முதல் எட்டாவது வரை, கிராமத்துப் பசங்க. டாடா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் டெல்லி பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து, கிராமத்து வாத்தியார்களோடு உட்கார்ந்து பாடம் தயாரித்தார்கள். 'பால் வைக்ஞானிக்' என்று புத்தகத்துக்குப் பெயர். குட்டி விஞ்ஞானி! அதில் 'வரையறு', 'சிறுகுறிப்பு வரைக' சமாசாரமெல்லாம் கிடையாது. செய்துபார், பார்த்ததை எழுது... அவ்வளவுதான்.

கிட்? டெஸ்ட் டியூபுக்குப் பதில் ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடுகிற இன்ஜெக்ஷன் குப்பி. உடைந்தால் இன்னொன்று. வாத்தியாருக்கு நிம்மதி, பையனுக்குக் கொண்டாட்டம்.

இந்த வேலைக்கு 1978-ல் வந்து சேர்ந்தார் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினீயர். புனேயில் டெல்கோவில் லாரி தயாரிக்கிற வேலை. அங்கே ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டுக் கிராமத்துக்கு வந்தார். (நாம் ஒரு நாள் சி.எல். கேட்பதற்கே இரண்டு பாட்டிகளைச் சாகடிக்க வேண்டியிருக்கிறது!)

அவர் கண்ணில் பட்டது சைக்கிள் வால்டியூப். சின்னத் துண்டாக நறுக்கி, இரண்டு முனையிலும் தீக்குச்சியைச் சொருகினால் ஒரு மூட்டு. மூன்று குச்சி, மூன்று துண்டு... முக்கோணம் ரெடி. அழுத்திப் பாருங்கள், அசையாது. நாலு குச்சியில் சதுரம் செய்து லேசாகத் தட்டுங்கள், சாய்ந்துகொள்ளும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் இரண்டு முக்கோணமாகி அதுவும் கெட்டியாக நிற்கும். ரயில்வே பாலத்திலும் கரன்ட் டவரிலும் ஏன் அத்தனை முக்கோணம் என்று நான் தெரிந்துகொண்டது இப்படித்தான். அதுவும் எத்தனையோ வருஷம் அதே பாலத்தில் எலெக்ட்ரிக் டிரெயினில் தொங்கிக்கொண்டு போன பிறகு! ஐந்தாவது படிக்கிற பையனுக்கு இது ஐந்து நிமிஷ வேலை.

ஆனால், சாமான் மலிவானால் மட்டும் போதாது. 'நான்கு பண்புகளை எழுதுக' என்று பரீட்சையில் கேட்டால் எந்தப் பையன் குச்சியைத் தொடுவான்? நோட்ஸைத்தான் தொடுவான். ஹோஷங்காபாத்தில் அதையும் மாற்றினார்கள். பரீட்சை ஹாலுக்குப் புத்தகம், நோட்டு எல்லாம் எடுத்துப் போகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடம் செய்து என்ன பிரயோஜனம்? என்னைக் கேட்டால், அவர்கள் செய்த பெரிய காரியம் கிட் அல்ல, இதுதான்.

பசங்களின் சந்தேகங்களுக்குக் கடிதம் எழுத ஒரு ஆளும் இருந்தார். பெயர் சவாலிராம். ஆளே கிடையாது, கற்பனைப் பாத்திரம்! ஆனால் கடிதம் போட்டால் பதில் மட்டும் நிஜமாகவே வரும். நம்ம ஊர் ஆபீஸ்களில் நிலைமை நேர் எதிர்.

1982-ல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவாகி இதைத் தொடர்ந்து நடத்தியது. நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. 2002-ல் மாநில அரசு நிறுத்தியது. மற்றப் பள்ளிகளில் நடக்கிற பாடப்புத்தகமே இங்கேயும் போதும் என்றாகிவிட்டது. முப்பது வருஷ உழைப்பு! அர்விந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வாத்தியாருக்கு விருது, பாடத்துக்கு விடைகொடு... இது என்ன கணக்கோ!

எனக்கும் ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா பையனை வைத்துக்கொண்டு அவருடைய பிரபலமான மோட்டாரைச் செய்ய உட்கார்ந்தேன். பெரிய டார்ச் செல் ஒன்று. இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊக்கு, வளையம் மேலே நிற்கிற மாதிரி. இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்க ஒரு ரப்பர் பேண்ட். செல்லின் முதுகில் ஒரு காந்தம். மோட்டார் வைண்டிங் கடையில் இனாமல் செம்புக் கம்பி வாங்கி, இன்னொரு செல்லைச் சுற்றிப் பத்துச் சுற்று சுற்றி உருவி, இரண்டு முனையையும் இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டேன். அந்த முனைகளை ஊக்கு வளையங்களில் மாட்டினால் சுருள் காந்தத்துக்கு மேலே தொங்கும்.

மாட்டினேன். லேசாகச் சுண்டிவிட்டேன். ஒரு உதறல் உதறிவிட்டு நின்றுபோனது! கம்பிதான் சுட்டது. ''மாமா, நீங்க நெஜமாவே சயன்ஸ் படிச்சீங்களா?'' என்றான் பையன்.

தப்பு எங்கே? கம்பி மேல் இருக்கிற இனாமலை இரண்டு முனையிலும் சுத்தமாகச் சுரண்டியிருந்தேன். அப்படிச் செய்தால் கரன்ட் நிற்காமல் பாயும். முதல் அரைச் சுற்றில் முன்னால் தள்ளுகிற காந்தம், அடுத்த அரைச் சுற்றில் பின்னால் இழுத்துவிடும். அதனால் ஒரு முனையை முழுசாகச் சுரண்டி, மறுமுனையில் சுருளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மேல்பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். அரைச் சுற்றுக்கு கரன்ட், அரைச் சுற்றுக்கு லீவு. அந்த லீவில், கிடைத்த வேகத்திலேயே சுருள் ஓடிவிடும்.

புதுச் சுருள் செய்து மாட்டினேன். சுண்டினேன். கிர்ர்ர்ரென்று சுற்ற ஆரம்பித்தது! ப்ளஸ் டூவில் எலெக்ட்ரிக் மோட்டாருக்குப் படம் வரைந்து, பாகம் குறித்து, பத்துக்கு ஒன்பது வாங்கியவன் நான். அது சுற்றிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ''மாமா, காந்தத்தைக் கவுத்து வெச்சா?'' என்றான்.

தெரியலைடா, வெச்சுப் பாரு என்றேன். செல் தீர்ந்துபோய், தெருமுனைக் கடைக்கு ஓடியிருக்கிறான்.