கேட்காமல் கிளம்புவது

காலை நேரத்தில் சென்னையை அடுத்த கரையான்சாவடி நிறுத்தத்தில் நிற்கும் பெண்கள், வரும் பஸ்ஸின் எண்ணோடு அதன் முகப்பையும் பார்க்கிறார்கள். பிங்க் வண்ணம் தெரிந்தால் டிக்கெட்டுக்குக் காசு இல்லை.

1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு, இந்தியா முழுக்கத் தடையின்றிச் சென்றுவரும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்திருக்கிறது. ஆனால், பக்கத்திலிருக்கும் அம்பத்தூருக்கு வேலை தேடிப் போகவே கணவனிடமோ மகனிடமோ கைநீட்ட வேண்டியிருந்தால்? காசு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அனுமதி வாங்க வேண்டும். சட்டம் மறிக்காத வழியை வீடு மறித்துவிடும்.

நினைத்ததைச் செய்யக் கையில் வழி இருப்பதும் சேர்ந்ததுதான் சுதந்திரம் என்று, 1999இல் வெளியான தன் நூலில் அமர்த்திய சென் வாதாடினார். புதுக்கோட்டைப் பெண்கள் அதை முன்பே மிதித்துக் காட்டிவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில், அங்கே ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத், அறிவொளி எனும் எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். குவாரித் தொழிலாளர்களும் கிராமச் செவிலியர்களும் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். தண்ணீர் எடுக்கவும் பிள்ளைகளை ஏற்றிப்போகவும் ஆண்களின் ஓய்வுக்காகக் காத்திருப்பது குறைந்தது.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் ரத்தானது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு அது சின்னத் தொகை அல்ல. இதை 'ஓசி' என்று ஓர் அமைச்சரே 2022இல் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். கோபம் நியாயமானதுதான்: வரிப்பணத்தில் ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல.

ஆனாலும் கணக்கு இத்தோடு முடியவில்லை. டீலக்ஸ், ஏசி பஸ்களில் இந்தச் சலுகை கிடையாது. சாதாரண பஸ் வரத் தாமதமானால், வேலைக்கு நேரமாகிறவர் ஷேர் ஆட்டோவுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். இரவு இன்னொரு சங்கதி. பெண்களை இரவில் தொழிற்சாலை வேலையிலிருந்து விலக்கிய தொழிற்சாலைச் சட்டத்தின் 66வது பிரிவு விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ரத்து செய்தது. அதே தீர்ப்பில், இரவு ஷிஃப்ட் பெண்களுக்கு நிர்வாகமே வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. வீடு திரும்ப வழியில்லாமல் வேலை உரிமையை மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பது நீதிபதிக்குத் தெரிந்திருக்கிறது.

கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான 26.1 கிலோமீட்டர் மெட்ரோ பாதையில் கரையான்சாவடிக்கும் ஒரு நிலையம் உண்டு. கட்டணமில்லாப் பயணம் மெட்ரோவுக்குப் பொருந்தாது. ரயிலைக் காரணம் காட்டி, இந்தத் தடத்தில் சாதாரண பஸ்களைப் போக்குவரத்துக் கழகம் குறைத்துவிடக் கூடாது.