மண் கோட்டையும் மன உறுதியும்

சங்கரன்கோவில் என்றதும் நமக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? ஆடித்தபசு, கோமதி அம்மன், புற்றுமண். இவைதானே! ஆனால் அதே கோயிலுக்குள் பூலித்தேவர் பெயரில் ஓர் அறை இருப்பதை எத்தனை சகோதரிகள் கவனித்திருப்போம்? கவனித்தாலும், "யாரோ ராஜா மறைஞ்ச இடமாம்" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய கதைதான் அங்கே இருக்கிறது.

பூலித்தேவர் பிறந்தது 1715-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள நெற்கட்டும்செவல் அவருடைய பாளையம். மனைவி பெயர் கயல்கண்ணி. மகளுக்கு நம் அம்மன் பெயரையே சேர்த்துக் கோமதி முத்துத் தலவாச்சி என்று பெயர் வைத்தார் என்பார்கள்.

1755-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலிக்காக வரி வசூலிக்கக் கும்பினியார் படை தெற்கே வந்தது. தலைமை தாங்கியவர் கர்னல் ஹெரான். இருபதாயிரம் ரூபாய் கொடுத்தால் திரும்பிப் போய்விடுகிறேன் என்றார். பூலித்தேவர் மசியவில்லை. கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி ஹெரானிடம் கிடையாது. வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று.

ஒருமுறை ஜெயித்துவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. அடுத்து யூசுப்கான் வந்தார். 1760 டிசம்பரில் அவர் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கியபோது, உள்ளே இருந்தவர்கள் ஒருபக்கம் பாய, நெற்கட்டும்செவல் ஆட்கள் மறுபக்கம் பாய, முற்றுகை தோற்றது. ஆனால் 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் விழுந்துவிட்டன. பூலித்தேவர் ராமநாதபுரம் சீமையில் கடலாடிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

வேறு யாராக இருந்தாலும், "நம்ம காலம் அவ்வளவுதான்" என்று ஒதுங்கியிருப்பார்கள். அவரோ 1764-ல் யூசுப்கானைக் கும்பினியாரும் நவாபுமே தூக்கில் போட்ட பிறகு, இழந்த ஊருக்குத் திரும்பி வந்தார். மறுபடி ஆள் சேர்த்தார், கோட்டையைப் பலப்படுத்தினார். 1767-ல் கர்னல் கேம்பல் பெரும் படையோடு வந்து வாசுதேவநல்லூரை வளைத்துக்கொண்டார்.

அங்கே நடந்ததைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பீரங்கிக் குண்டு விழுந்து மண் சுவரில் ஓட்டை விழுந்தால், உடனே வைக்கோலும் பனங்கட்டையும் கொண்டுவந்து அடைத்தார்களாம். அடைக்கிறவன் குண்டு பட்டு விழுந்தால் அந்த இடத்துக்கு அடுத்தவன் வந்து நிற்பானாம். கையில் இருந்தது நம்ம வீட்டுத் தொழுவத்தில் கிடக்கிற வைக்கோல்தான், பாருங்கள்! கடைசியில் கோட்டை போனது. பிடிபட்ட பூலித்தேவர் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டு, உள்ளே போனவர் அப்படியே ஜோதியில் கலந்துவிட்டார் என்பது ஊர் நம்பிக்கை. அந்த அறைதான் நாம் பார்க்கிற அறை.

சுவரில் நின்றவர்கள் யார்?

ராஜா ஒருவர்தான் பெயர் பெறுவார், தாங்கியவர்கள் பலர். வெண்ணிக் காலாடி என்ற தளபதி, வயிறு கிழிந்து குடல் சரிந்தபோதும் தலைத்துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போராடினார் என்று கதை சொல்வார்கள். ஒண்டிவீரன் தன்னந்தனியாகப் பகைவர் முகாமில் புகுந்து, வைக்கோலுக்கடியில் பதுங்கியிருந்தபோது, குதிரை கட்டுகிற முளையை அவர் கையிலேயே அறைந்துவிட்டார்களாம். சத்தம் போடாமல் கையை வெட்டிவிட்டு எழுந்து, வந்த காரியத்தை முடித்தார் என்பார்கள். ஒருவர் பள்ளர், ஒருவர் அருந்ததியர், பூலித்தேவர் மறவர். சுவரில் ஓட்டை விழுந்தபோது யாரும் யாரையும் சாதி கேட்கவில்லை.

இதே மாதிரி ஒரு சங்கதி கடல் தாண்டியும் நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் செங்கடல் ஓரம் எரித்திரியா என்றொரு சின்ன நாடு. எத்தியோப்பியாவிடமிருந்து விடுபட அவர்கள் போராட்டம் தொடங்கியதும் ஒரு செப்டம்பர் 1-ந் தேதிதான், 1961-ல்! முப்பது வருஷம் போராடினார்கள். 1978-ல் பிடித்த ஊர்களை எல்லாம் விட்டுவிட்டு, நக்ஃபா என்ற மலைப்பகுதிக்குப் பின்வாங்கி, பதுங்குகுழி வெட்டிப் பத்து வருஷம் தாக்குப் பிடித்தார்கள். குண்டு போடும் விமானத்துக்குத் தெரியாமல் பள்ளத்தாக்குகளில் ஆஸ்பத்திரி வைத்து, குளுக்கோஸ் தண்ணீரும் மாத்திரையும் தாங்களே தயாரித்தார்கள். காலில் பிளாஸ்டிக் செருப்பு. அறுந்தால் சூடு காட்டி ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்! கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே குழியில் படுத்தார்கள். 1991-ல் வெற்றி, 1993-ல் சுதந்திரம். அந்தச் செருப்புக்குத் தலைநகர் அஸ்மாராவில் ஒரு நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டுமே! சுதந்திரம் வந்த பிறகு அங்கே நாடு தழுவிய தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை. கட்டாயப் படைச் சேவை முடிவில்லாமல் நீள, இளம்பிள்ளைகள் நாட்டை விட்டே ஓடுகிறார்கள். சண்டையில் ஒன்றாக நின்றதைவிட, சண்டை முடிந்த பிறகு ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து வாழ்வதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்தநாள். இந்த இரண்டு தேதியும் நெருங்கினாலே, சண்டை வந்துவிடக் கூடாதே என்று தென்காசி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுகிற வழக்கம் இருக்கிறது. ஒரே சுவரில் தோளோடு தோள் நின்றவர்களை, இருநூற்றைம்பது வருஷம் கழித்து நாம் தனித்தனியாகப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒரு கட்சிக்கு ஒரு படம், ஒரு தெருவுக்கு ஒரு வீரர்!

இதைச் சரிசெய்ய நாம் மேடை ஏற வேண்டாம். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது கதை சொல்கிறோம் அல்லவா? அப்போது மூன்று பேரையும் சேர்த்தே சொல்வோம். "நம்ம ஆளு" என்று ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இருவரை விட்டுவிட வேண்டாம். சரித்திரத்தில் இருப்பது இது, ஊர் வாய்மொழியாகச் சொல்வது இது என்று பிரித்தும் சொல்வோம், பிள்ளைகளுக்குப் புரியும். பரீட்சையில் மார்க் குறைந்தாலே சுருண்டு படுத்துவிடுகிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, மூன்று கோட்டையும் பறிபோன பிறகும் ஒருவர் எழுந்து ஊருக்குத் திரும்பி வந்தார் என்பது ஒரு நல்ல மருந்து. அவர் திரும்பி வந்தபோது பக்கத்தில் நிற்க எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வந்தார்கள் என்பதையும் சேர்த்தே கொடுங்கள். அப்போதுதான் மருந்து முழுசாக வேலை செய்யும்!