துவண்டவர் யார்?

ஹொக்கிக்குப் பெயர்பெற்ற மாத்தளையில் வாழும் எனக்கு இந்திய அணியின்பால் இளமை தொட்டே பற்றுண்டு. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கங்களை ஈட்டிய அணியன்றோ! 1980இல் தமிழகத்துப் பாஸ்கரன் தலைமையில் எட்டாவது தங்கமும் பெற்றது. அதன்பின் 41 ஆண்டுகள் பதக்கமேயில்லை. புற்றரை போய்ச் செயற்கைத்தரை வந்தமையும் இதற்கொரு காரணமாகும். 2021இல் அரையிறுதியில் பெல்ஜியத்திடம் தோற்று, பின் வெண்கலம் வென்றது. 2024இல் பாரிஸ் அரையிறுதியில் ஜேர்மனியிடம் 2-3 எனத் தோற்றதும், "இனிப் பாரேன்" எனச் சினந்து தொலைக்காட்சியை அணைத்தேன். வெண்கலத்துக்கான ஆட்டத்தையும் பார்த்திலேன். மறுநாள் வகுப்பில் மாணவனொருவன், "சேர், ஸ்பெயினை 2-1 என வென்றுவிட்டார்கள்" என்றான். தலைகுனிந்தேன். வீரர் துவளவில்லை, துவண்டவன் நானே. மாணவரே, பரீட்சையிலே தவறினால் அவ்வீரரைப் பின்பற்றுங்கள், இவ்வாசிரியனையல்ல!