குப்பைமேனியும் நம் குருதியும்

இரண்டு மழை பெய்தால் போதும். வேலியோரத்திலும் கிணற்றடியிலும் கேட்பாரின்றி முளைத்துவிடும் செடி குப்பைமேனி. பல் பல்லாக வெட்டுண்ட இலையும், கிண்ணம் போன்ற பச்சைச் செதில்களைத் தாங்கிய கதிரும் அதன் அடையாளங்கள். பூனைவணங்கி என்றொரு பெயரும் இதற்கு உண்டு. பிடுங்கிப் போட்ட வேரைத் தேடி வந்து பூனைகள் புரள்வதைக் கண்டவர்கள் அப்பெயரின் காரணத்தைக் கேட்கமாட்டார்கள். குழந்தைகளுக்குச் சொறி சிரங்கு கண்டால் இவ்விலையுடன் மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசிக் குளிப்பாட்டுவது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம்.

அவ்வழக்கத்தில் பொருள் உண்டு என்பதை ஆய்வுக்கூடங்கள் காட்டியுள்ளன. சொறியை உண்டாக்குவது தோலைத் துளைக்கும் ஒரு நுண்ணிய உண்ணி. சொறிந்த புண்ணில் சீழ் வைக்கச் செய்பவையே பாக்டீரியாக்கள். அவற்றைக் கண்ணாடித் தட்டிலுள்ள கடற்பாசிக் கூழின்மேல் பரப்பி, இலைச்சாற்றில் தோய்த்த சிறு காகித வில்லைகளை அதன்மீது வைப்பர். உடற்சூட்டின் அளவான வெப்பத்தில் ஓரிரவு வைத்திருந்து பார்த்தால், சாறு வேலை செய்த இடத்தில் வில்லையைச் சுற்றிக் கிருமியற்ற வெற்று வட்டம் தோன்றும். சீழ்க் கட்டிகளை உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியின் வளர்ச்சியைக் குப்பைமேனிச் சாறு இவ்வாறு தடுத்துள்ளது. ஆயினும் ஆய்வாளர் பெரும்பாலும் பயன்படுத்துவது சாராய வகைகளில் ஊறவைத்து வடித்த செறிந்த சாறு. நம் அடுப்பில் கொதிக்கும் கஷாயம் அதுவன்று.

இன்னொரு சோதனையும் உண்டு. ஊதா நிற வேதிக் கரைசலில் சாற்றைச் சேர்த்தால் நிறம் வெளிறி மஞ்சளாகும். உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் சாற்றில் உண்டு என்பதற்கு இது சான்று. குப்பைமேனி இதிலும் தேறுகிறது. ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான் நிறைந்தது’ என்னும் விளம்பரங்கள் பெரும்பாலும் இத்தகைய குழாய்ச் சோதனைகளையே நம்பி எழுதப்படுகின்றன. நமக்கு மனம் ஒப்பாதது இதுவே.

ஏனெனில், இலங்கையில் நேர்ந்தது வேறு. அங்கே பச்சிலைக் கஞ்சி அருந்துவது வழக்கம். குப்பைமேனி சேர்ந்த கஞ்சியைக் குடித்த சிலருக்குச் சிவப்பணுக்கள் திடீரெனச் சிதைந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் 1996-ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் எழுதினர். அவர்களுக்கு ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தது. சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்தினின்று காப்பது அந்நொதியே. குழாயில் காவலனாக நின்ற அதே இலை, காவல் குறைந்த குருதியில் பகைவனாயிற்று!

இக்குறை அரிதானதன்று; உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு உண்டு என்பது மதிப்பீடு. பெரும்பாலும் தாய் வழியாக ஆண் மக்களிடம் வெளிப்படுகிறது. இக்குறையுள்ளோர் இயல்பான நாள்களில் நலமாகவே இருப்பர். மலேரியாவுக்குத் தரும் பிரிமாகுவின் மாத்திரையும், துணிகளுக்கிடையே வைக்கும் பாச்சை உருண்டையும்கூட அவர்களுக்குத் தீங்காகலாம்.

ஆகவே தாய்மாரே, பச்சிலைச் சாறோ கஞ்சியோ அருந்திய ஓரிரு நாள்களில் பிள்ளையின் சிறுநீர் கறுத்த தேநீர் போல இறங்கினால், முகம் வெளிறிக் கண் மஞ்சளித்தால், காமாலை என்று எண்ணி மேலும் ஒரு பச்சிலையைத் தேட வேண்டா. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கொடுத்த இலையின் பெயரை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். ஏசுவாரோ என்று தயங்குவோர் பலர். அந்தத் தயக்கத்தால் நோயின் காரணமே தெரியாமற் போகலாம்.

நொதிக்குறையைச் சிறிது குருதி கொண்டே சோதித்தறியலாம். ஆனால் நோய் கண்ட சில நாள்களில் செய்யும் சோதனை ஏமாற்றக்கூடும். நொதி குறைந்த முதிர்ந்த அணுக்கள் அழிந்து, புதியவையே எஞ்சியிருக்கும். குறை இல்லையென்று முடிவு வந்தாலும், சுமார் மூன்று திங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை சோதிக்கக் கேளுங்கள்.